சேதி முந்துமா, எதிரி முந்துவானா? விண்வெளிப் போர் நாவல் படிப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

பாம்பன் பக்கத்தில் உள்ள மண்டபம் என்ற ஊரில் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். வருகிறவர்களில் பாதிப்பேர் கல்லூரி மாணவர்கள், கடல்தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். போன மாதம் பேச்சு, வேற்றுக்கிரகவாசிகளிடமிருந்து மனிதகுலத்தைக் காக்கும் படைகளைப் பற்றிய நாவல்கள் பக்கம் திரும்பியது. “விண்வெளிப் போர் என்றால் கடற்படைப் போர்தான் அண்ணே, தண்ணீர் மட்டும் இருக்காது” என்றான் ஒருவன். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஏறக்குறைய ஆட்டிவிட்டேன்.

திரைப்படங்கள் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. திரையில் எதிரிக் கப்பல் ஒரு புள்ளியாகத் தெரிகிறது, தளபதி ஆணையிடுகிறார், அடுத்த நொடி குண்டு பாய்கிறது. ஆனால் நன்றாக எழுதப்பட்ட போர் நாவலைக் கையில் எடுத்தால், முதல் நூறு பக்கத்தில் ஒரு குண்டுகூட வெடிக்காமல் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் அங்கேதான் சலித்துப்போய்ப் புத்தகத்தை மூடுகிறார்கள். அந்தக் கதைகளில் முதல் எதிரி வேற்றுக்கிரகவாசி அல்ல, தூரம். அது பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். கடலை அறிந்தவர்களுக்கு இது இன்னும் எளிது, கடல் எந்த இடத்தில் ஒத்துவரவில்லை என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

சுத்தியல் முதலில், சத்தம் பிறகு

கரையில் மரப்படகு பழுது பார்ப்பதைத் தள்ளி நின்று கவனித்திருப்பீர்கள். ஆணி அடிக்கிறவரின் கை இறங்குகிறது, சத்தம் இல்லை. அவர் சுத்தியலை மறுபடி ஓங்கும்போதுதான் ‘டொக்’ என்று கேட்கிறது. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அந்தத் தொலைவில் நிற்கிறவருக்கு ஒரு விநாடி பிந்தித்தான் சத்தம் வந்து சேரும். காதில் விழுவது போன விநாடியின் அடி.

கண்ணுக்கும் இதே கதிதான். ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் போவதால் கரையில் நிற்கும் நமக்கு அது உறைப்பதில்லை. நிலாவின் ஒளி நம்மை வந்தடைய 1.3 விநாடி ஆகிறது. சூரியனுடைய ஒளிக்கு 8 நிமிடம் 20 விநாடி. இப்போது நாம் பார்க்கும் சூரியன் எட்டு நிமிடத்துக்கு முந்தைய சூரியன். ஒரு நிகழ்ச்சி நடப்பதற்கும் அதன் ஒளி நம்மிடம் வந்து சேர்வதற்கும் இடையிலான இந்தக் காத்திருப்பைத்தான் ஒளித் தாமதம் என்கிறோம். வானொலி அலையும் ஒளியின் இனம்தான், அதே வேகம்தான். அதைவிட விரைவாகச் செய்தி அனுப்ப இயற்பியல் இடம் தருவதில்லை.

இங்கேயே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ‘ஒளியாண்டு’ என்ற சொல்லில் ஆண்டு இருப்பதால் பலரும் அதைக் கால அளவாக எழுதுகிறார்கள். “பல ஒளியாண்டுகளுக்கு முன்பு” என்று மேடையிலேயே பேசக் கேட்டிருக்கிறேன். அது தூரம். ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு, சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

எலுமிச்சம்பழமும் சுண்டைக்காயும்

லட்சம் கோடி என்றெல்லாம் சொன்னால் மனத்தில் எதுவும் பதியாது. நம் கரையிலேயே அளந்து பார்ப்போம்.

3 லட்சம் கிலோமீட்டரை ஒரு மீட்டராகச் சுருக்கிக்கொள்ளுங்கள். இந்த அளவில் பூமி ஓர் எலுமிச்சம்பழம், நாலு சென்டிமீட்டர்தான் இருக்கும். அதை ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கரையில் வைப்போம். நிலா ஒரு சுண்டைக்காய், எலுமிச்சையிலிருந்து ஒண்ணேகால் மீட்டர் தள்ளி. சூரியன் அரை கிலோமீட்டர் தொலைவில் நாலரை மீட்டர் விட்டமுள்ள உருண்டை. சூரியக் குடும்பத்தின் கடைசிக் கோளான நெப்டியூன், தனுஷ்கோடிக்குப் போகும் சாலையில் 15ஆவது கிலோமீட்டரில் கிடக்கும்.

சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் புரோக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு. அதை வைக்கச் சாலையில் இடமில்லை. நம் அளவில் அது 1.34 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தனுஷ்கோடியைத் தாண்டி, உண்மையான உலக உருண்டையை மூன்று முறைக்கு மேல் சுற்றி வந்தால்தான் அவ்வளவு தூரம் போக முடியும்.

இந்த அளவில் ஒளியின் வேகம் என்ன? விநாடிக்கு ஒரு மீட்டர். கடற்கரையில் பேசிக்கொண்டே காலாற நடக்கும் பெரியவரின் வேகம். நம் காலடி கேட்டதும் வளைக்கு ஓடுமே கரை நண்டு, அது ஒளியை முந்திவிடும்! பிரபஞ்சத்தில் எதுவும் மீற முடியாத வேகம், பிரபஞ்சத்தின் தூரத்தோடு ஒப்பிட்டால் இவ்வளவுதான். விண்வெளிப் போரில் எல்லாச் செய்திகளையும் சுமந்து செல்பவர் இந்தப் பெரியவர் ஒருவரே. நெப்டியூனிலிருந்து அவர் நடந்து வரச் சுமார் 4 மணி 10 நிமிடம் ஆகும்.

சுருக்கிச் சொன்னால்: எதிரியைப் ‘பார்க்கிறோம்’ என்றால் எதிரி முன்பு இருந்த இடத்தைப் பார்க்கிறோம். எவ்வளவு தூரமோ அவ்வளவு பழைய காட்சி.

எம்டன் ஏன் அகப்பட்டது

இனி எதிரியைக் கொண்டுவரலாம். அதற்கு முன்னால், கடற்போரில் நடந்த ஒன்று.

கெட்டிக்காரத்தனமும் துணிச்சலும் உள்ளவனை ‘எம்டன்’ என்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திவிட்டு மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் விட்டுப்போன சொல் அது. பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய அதே ஆண்டு. தனியொரு கப்பலாக இந்தியப் பெருங்கடலையே கலக்கிய எம்டன், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் இருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்க ஆள் இறக்கியது. நிலையத்தில் இருந்தவர்கள் அதற்குள் “அந்நியக் கப்பல் வந்திருக்கிறது” என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி சில மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. எம்டனின் கதை அன்றோடு முடிந்தது.

அங்கே செய்தி ஒளியின் வேகத்தில் போனது, கப்பல் கப்பலின் வேகத்தில் போனது. கடலில் காவல் என்பதே இந்த இடைவெளியை நம்பித்தான் நடக்கிறது. புயல் எச்சரிக்கையும் அப்படித்தான். புயல் நகர்கிற வேகத்தைவிடச் சேதி விரைவாக வருவதால்தான் பாம்பனில் கூண்டு ஏற்ற முடிகிறது, படகைக் கரைக்குத் திருப்ப முடிகிறது.

விண்வெளிப் போர் நாவல் இந்த இடைவெளியில்தான் கை வைக்கிறது. நெப்டியூன் அருகே நம் காவல் நிலையம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எதிரிக் கப்பல் அதைக் கடந்த கணமே நிலையம் செய்தி அனுப்பிவிடுகிறது. நம்முடைய பெரியவர் சாலையில் நடக்கத் தொடங்குகிறார், எதிரியும் கூடவே புறப்படுகிறான்.

எதிரியின் வேகம் ஒளியில் பத்தில் ஒரு பங்கு என்றால் அவன் வந்துசேர 41 மணி நேரத்துக்கு மேல் ஆகும். செய்தி நாலே கால் மணிக்குள் வந்துவிடும். தயாராக நமக்கு 37 மணி நேரத்துக்கு மேல் மிச்சம். பாதி ஒளிவேகத்தில் வந்தால் அவனுக்கு 8 மணி 20 நிமிடம் போதும், நமக்குக் கிடைப்பது 4 மணி 10 நிமிடம். ஒளிவேகத்தில் 90 விழுக்காடு என்றால்? செய்தி வந்து 28 நிமிடத்தில் எதிரி வாசலில் நிற்பான். 99 விழுக்காடு என்றால் இரண்டரை நிமிடம். கூண்டு ஏற்றக் கயிற்றைத் தேடுவதற்குள் புயல் வந்துவிடும்.

கதைக்குள் எல்லோரும் கடிகாரத்தையே பார்ப்பது இதனால்தான். “எதிரி எவ்வளவு பலசாலி” என்பதைவிட “சேதிக்கு எவ்வளவு பின்னால் வருகிறான்” என்பதே தளபதியின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அதைக் கேட்காத தளபதி வரும் நாவலை நான் பாதியில் வைத்துவிடுவேன்.

ஆணை போய்ச் சேராத போர்க்களம்

பெரியவர் ஒரு வழி மட்டும் நடப்பதில்லை. தளபதி பூமியிலிருந்து நெப்டியூன் நிலையத்துக்கு ஆணை அனுப்பினால் இன்னொரு நாலு மணி நேரம். கேள்வியும் பதிலும் சேர்த்து எட்டு மணி நேரத்துக்கு மேல். ராடாரும் அப்படித்தான். அலை போய் மோதித் திரும்பி வர வேண்டும், ஆகவே இரட்டிப்புத் தாமதம்.

இது கதைக்காரர்களின் கற்பனை மட்டும் அல்ல. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது, கடைசிக் கட்டத்தில் கலம் தன் முடிவுகளைத் தானே எடுத்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் நம்மைப் போலவே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2022 செப்டம்பர் 26 அன்று, நாசாவின் டார்ட் கலம் டைமார்போஸ் என்ற சிறுகோளின் மீது வேண்டுமென்றே மோதியது. பூமியை நோக்கி வரக்கூடிய ஒரு கல்லைத் திசைதிருப்ப முடியுமா என்று மனிதர்கள் செய்துபார்த்த முதல் ஒத்திகை அது. கல் இருந்த தூரம் சுமார் 1.1 கோடி கிலோமீட்டர், ஒளித் தாமதம் 38 விநாடி. கடைசி நாலு மணி நேரம் கலம் தானே குறிபார்த்துப் போய் மோதியது. டைமார்போஸ் தன் பெரிய துணைக்கல்லைச் சுற்றிவர எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து 11 மணி 23 நிமிடமாகக் குறைந்தது. மனிதகுலத்தைக் காக்கும் போரில் இதுவரை உண்மையாக நடந்த சண்டை இது ஒன்றுதான். எதிரி ஒரு பாறை!

குறிபார்ப்பதும் இதே சிக்கலில் மாட்டும். வலை வீசுகிறவர் மீன் நிற்கும் இடத்தில் வீச மாட்டார், போகும் இடத்தைக் கணித்து வீசுவார். நிலா தொலைவில் உள்ள எதிரிமேல் லேசர் பாய்ச்சினால், அவனைப் பார்க்க 1.3 விநாடி, கதிர் போய்ச்சேர இன்னொரு 1.3 விநாடி. அந்த நேரத்துக்குள் அவன் இயந்திரத்தைச் சற்று முடுக்கினாலே, கல் கீழே விழும்போது வேகம் கூடுமே அந்த அளவு முடுக்கத்திலேயே, 33 மீட்டர் விலகிவிடுவான். செவ்வாய் மிக அருகில் வரும்போது அதன் ஒளித் தாமதம் 3 நிமிடம். அந்தத் தொலைவில் இருந்தால் 600 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருப்பான்.

தண்ணீர் செய்யும் உபகாரம்

கடல் ஒத்துவராத இரண்டாவது இடத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். படகில் இயந்திரத்தை நிறுத்தினால் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். நிறுத்துவது தண்ணீர். விண்வெளியில் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கும். இதைத்தான் பள்ளிப் பாடத்தில் நிலைமம் என்று படித்தோம்.

ஆகவே கலம் எங்காவது நிற்க வேண்டுமானால், பாதி வழியில் பின்பக்கம் முன்னால் வரும்படி திரும்பி, போகும் திசையிலேயே நெருப்பைக் கக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். பூமியைக் கைப்பற்ற வருகிறவன் நம்மை நோக்கி எரியும் ஒரு பெரிய தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாக வேண்டும். திருட்டுத்தனமாக வந்து இறங்கும் படை, நாவலில் காரணம் சொல்லப்பட்டால் ஒழிய, நம்பத் தகுந்தது அல்ல. நிற்காமல் மோதவே வருகிறவனுக்கு மட்டும் தீப்பந்தம் தேவையில்லை. அவன்தான் ஆபத்தானவன்.

பாம்பன் பாலத்தில் ஒரு விளக்கு

மூன்றாவது இடம் கடினமானது, ஆனால் கதைக்கு உயிர் தருவதும் இதுதான். மிக வேகமாகப் போகிறவருக்குக் காலம் மெதுவாக ஓடுகிறது. இதற்குக் கால நீட்சி என்று பெயர். ஐன்ஸ்டைன் 1905இல் சொன்னது.

எப்படி என்று பார்ப்போம். பாம்பன் பாலத்தில் போகும் ரயில் பெட்டியின் தரையில் ஒரு விளக்கு, கூரையில் ஒரு கண்ணாடி. விளக்கின் ஒளி மேலே போய்க் கண்ணாடியில் பட்டுத் தரைக்குத் திரும்பினால் ஒரு ‘டிக்’. பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பயணிக்கு அந்த ஒளி செங்குத்தாக ஏறி இறங்குகிறது. கீழே படகில் நின்று பார்க்கிறவருக்கு? ஒளி ஏறுவதற்குள் ரயில் நகர்ந்துவிடுகிறது, ஆகவே ஒளி சாய்வாக ஏறிச் சாய்வாக இறங்குகிறது. சாய்வான பாதை நீளமானது.

பந்தாக இருந்தால், ரயிலின் வேகமும் பந்தின் வேகத்தோடு சேர்ந்து கணக்குச் சரியாகிவிடும். ஒளி அப்படிச் சேர்த்துக்கொள்ளாது. நிற்கிறவர் அளந்தாலும் ஓடுகிறவர் அளந்தாலும் ஒளியின் வேகம் ஒன்றே. இயற்கை இப்படித்தான் இருக்கிறது என்பதைச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதே வேகம், நீளமான பாதை. அப்படியானால் படகுக்காரரின் கணக்கில் அந்த ‘டிக்’குக்கு அதிக நேரம் ஆகிறது. விளக்குக்கு மட்டும் அல்ல, அந்தப் பெட்டியில் உள்ள கைக்கடிகாரம், இதயத் துடிப்பு, தூக்கம் எல்லாமே அதே கணக்கில் மெதுவாகின்றன. உள்ளே இருப்பவருக்கு எதுவும் வித்தியாசமாகத் தோன்றாது. “ஆயுள் கூடும்” என்று எண்ணுவது தவறு. அவர் வாழ்வது அதே அறுபது எழுபது ஆண்டுதான், வெளியுலகம்தான் அதற்குள் வெகுதூரம் போய்விடும்.

பாம்பன் பாலத்தில் ரயில் போகும் வேகம் ஒளியின் வேகத்துக்கு முன் ஒன்றுமே இல்லை, அங்கே இந்த வித்தியாசத்தை யாரும் அளக்க முடியாது. 1971இல் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்து சோதித்தபோது, விநாடியின் மிகச் சிறிய பங்கு அளவில், ஐன்ஸ்டைனின் கணக்கு சொன்ன வித்தியாசம் இருந்தது.

அதைவிட நெருக்கமான சாட்சி நம் விசைப்படகுகளில் இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம், அதன் வேகத்தால் நாளொன்றுக்கு 7 மைக்ரோ விநாடி (ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பின்தங்கும். உயரத்தில் பூமியின் ஈர்ப்பு குறைவு என்பதால் 45 மைக்ரோ விநாடி முந்தும். ஈர்ப்பும் காலத்தை மாற்றும் என்பது ஐன்ஸ்டைனின் அடுத்த கண்டுபிடிப்பு, இங்கே அதற்குள் போக வேண்டாம். மொத்தத்தில் 38 மைக்ரோ விநாடி முந்துகிறது. இதைத் திருத்தாமல் விட்டால் நாளொன்றுக்குச் சுமார் 11 கிலோமீட்டர் பிழை சேரும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர், நடுவே எல்லைக் கோடு. அந்தக் கடலில் 11 கிலோமீட்டர் பிழை என்றால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் கால நீட்சிக் கணக்கை நம்பித்தான் படகுகள் போகின்றன.

இதுவரை வந்தது: ஒளித் தாமதத்தால் செய்தி பழையதாகிறது. நிலைமத்தால் கலம் நினைத்த இடத்தில் நிற்காது. கால நீட்சியால் போனவனின் நாட்காட்டியும் வீட்டிலுள்ள நாட்காட்டியும் வேறாகின்றன.

திரும்பி வருகிறவன்

புரோக்சிமா வரை ஒளிவேகத்தில் 99 விழுக்காட்டில் போய் உடனே திரும்பும் சிப்பாயை எடுத்துக்கொள்வோம். வேகம் கூட்டவும் குறைக்கவும் ஆகும் காலத்தை விட்டுவிடுவோம். பூமியில் எட்டரை ஆண்டு கழிந்திருக்கும். அவனுக்கு ஓராண்டும் மூன்று மாதமும்கூட ஆகியிருக்காது.

கீழக்கரைப் பக்கம் வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவரைச் சபராளி என்பார்கள். ஊரில் விட்டுவந்த கைக்குழந்தை, அவர் விடுப்பில் வரும்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். வாசலில் நிற்பவரைப் பார்த்து உள்ளே ஓடி, “யாரோ வந்திருக்கிறார்கள்” என்று அம்மாவிடம் சொல்லும். விண்வெளிப் போர் நாவலின் சிப்பாய் அந்தச் சபராளிதான். ஒரே ஒரு வேறுபாடு: சபராளிக்கும் வீட்டாருக்கும் ஒரே அளவு வயது கூடுகிறது. பிரிவைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். சிப்பாய்க்கு அந்தப் பங்கும் இல்லை. அவன் காக்கப் புறப்பட்ட மனிதர்கள், அவன் திரும்பி வரும்போது வேறு மனிதர்கள். ஆயுதங்களும் மாறியிருக்கும். அவன் களத்துக்குப் போய்ச்சேரும் முன்பே எதிரி பல தலைமுறைக் கருவிகளைத் தாண்டியிருக்கக்கூடும்.

குறுக்கு வழி

பல நாவல்களில் ஒளியை முந்தும் கலங்கள் வருகின்றன. விண்வெளியில் ஒரு துளை, மடிப்பு, ஏதோ ஒரு பெயர். இன்றைய அறிவியலில் அதற்குச் செயல்முறை கிடையாது. அதனாலேயே அந்த நாவலை ஒதுக்க வேண்டியதில்லை. கதை நகர ஒரு பொய் தேவை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பொய்க்கு ஆசிரியர் விலை கொடுக்கிறாரா என்று மட்டும் பார்ப்பேன். குறுக்கு வழியின் வாசல் ஓரிடத்தில்தான் இருக்கிறது, அதன் வழியே ஒரு நேரத்தில் ஒரு கலம்தான் போக முடியும் என்று சொன்னால், அந்த வாசலே கோட்டை ஆகிவிடும், கதையும் சூடுபிடிக்கும். நினைத்தபோது நினைத்த இடத்துக்குத் தாவலாம் என்றால் தூரம் செத்துவிடும். பிறகு மிஞ்சுவது தண்ணீரில்லாத கடற்படைதான்.

“தண்ணீர் மட்டும் இருக்காது” என்று சொன்னானே, அவன் இப்போது தானே ஒரு கதை எழுதத் தொடங்கியிருக்கிறான். 20 ஒளியாண்டு தொலைவில் காவலுக்குப் போன ஒருவன் பாம்பனுக்குத் திரும்பி வருகிறான். போகும்போது வயது முப்பது, வரும்போது முப்பத்தாறு நிறையவில்லை. விட்டுப்போன நாலு வயது மகளுக்கு இப்போது நாற்பத்து நாலு, சொந்தமாகப் படகு வைத்திருக்கிறாள். படகுத்துறையில் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். அந்தப் பெண் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று தெரியாமல், இரண்டு வாரமாகக் கதை அங்கேயே நிற்கிறது.